மிதக்குதா, நிக்குதா?

1

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா தொலைபேசியில் என்னை ஒரு கேள்வி கேட்டாள். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வி, சைக்கிள் மிதித்தால் அந்தக் கேள்வி, மகளுக்குத் தலை வாரிவிடும்போதும் அதே கேள்வி. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் தீரும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டுத் திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்க வேண்டிய ஆள்தான் நான்.

எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். நெதர்லாந்துக்கு வந்து ஐந்தாவது வருடம் நடக்கிறது. மனைவி சுமதி, ஆறு வயது மகள் மலர், வாடகை வீடு, மூன்று சைக்கிள். அக்கா பெயர் அஞ்சலை, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்கு எல்லாமே அவள்தான். அவள் உப்பளத்தில் வெயிலில் நின்றாள், நான் நிழலில் உட்கார்ந்து படித்தேன். சுருக்கமாகச் சொன்னால் என் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான்.

இங்கே நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு நான் இன்னொரு புரோகிராம் எழுத வேண்டும். அதற்கு டெஸ்ட் கோடு என்று பெயர். 'இதைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும், வராவிட்டால் கத்து' என்று சின்னச் சின்னச் சோதனைகளாக எழுதுவோம். எங்கள் அறையில் ஜன்னலோரம் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாச் சோதனையும் தேறினால் பச்சை, ஒன்று தோற்றாலும் சிவப்பு. நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து அந்த விளக்கு கிட்டத்தட்ட எப்போதும் பச்சைதான். விருந்தாளிகள் வந்தால் மேலாளர் அந்த விளக்கைக் காட்டிவிட்டு என்னையும் காட்டுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

2

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்காவுக்கு போன் செய்வது வழக்கம். ஊரில் அப்போது மத்தியானச் சோறு முடிந்திருக்கும். காலிங் கார்டின் எண்களைச் சுரண்டி, வரிசையாக அழுத்தி, லைன் கிடைத்ததும் இப்படிப் பேசுவோம்:

"நல்லா இருக்கியாக்கா?"

"இருக்கேன்டா. நீ?"

"இருக்கேன். மாமா?"

"உப்பு லோடு ஏத்திக்கினு போயிருக்காரு."

"வேற இன்னாக்கா?"

"ஒண்ணுமில்லடா."

அப்புறம் மலரிடம் கொடுப்பேன். அக்கா "பள்ளிக்கூடம் எப்படிடி இருக்குது?" என்று கேட்பாள். மலர் படம் வரைவதை நிறுத்தாமல் "ஹூட்" என்பாள். இந்த ஊர் மொழியில் 'நல்லா இருக்கு' என்று அர்த்தம். இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் 'எல்லாம் ஹூட்டா?' என்று கேட்டுக்கொண்டே நடந்து போவார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். மலர் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். போன் என் கைக்குத் திரும்பி வந்ததும் அக்கா கேட்பாள்:

"ஏன்டா, பாப்பா எப்ப பாத்தாலும் 'ஊத்து ஊத்து'ங்குது. இன்னாத்தடா ஊத்தணும் அதுக்கு?"

வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்போடு போனை வைத்துவிடுவேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் ஊர்க்கவலை முடிந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று பதினொரு மணிக்கு லைன் கிடைக்கவில்லை. டிவியில் காட்டிய ஒவ்வொரு முகத்திலும் அக்காவைத் தேடினேன். மூன்றாம் நாள் லைன் கிடைத்தது. "ஒண்ணுமில்லடா, பாத்தியெல்லாம் சேறு ரொம்பிப்போச்சி, அவ்ளோதான்" என்றாள். குரலைக் கேட்டதும் நான் அழுதேன். அன்று அந்த 'ஒண்ணுமில்ல' எனக்கு அமுதமாக இருந்தது. அதற்கப்புறம் அவள் எத்தனை முறை 'ஒண்ணுமில்ல' என்றாலும் நம்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் முழுக்க அவள் வெயிலில் நின்று பாத்திகளிலிருந்து சேறு அள்ளினாள். அள்ளி முடித்த பாத்தியில் உப்பு விளைந்ததும் மறுபடி வாரப் போனாள். உச்சி வெயிலில் உப்புப் பாத்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்து 'ஓ, பனி' என்கிறார்கள். இங்கே பனியில் சறுக்கப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போடாமல் போக மாட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே ஐந்து குளிர்காலம் கழித்திருக்கிறேன். ஒருமுறைகூட, ஒரேயொரு முறைகூட, அக்காவுக்கு ஒரு கண்ணாடி வாங்கி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

3

2005 புரட்டாசியில் அக்காவை மூன்று மாதம் இங்கே கூட்டி வர ஏற்பாடு செய்தேன். அதற்கு நகராட்சி அலுவலகத்தில் ஒரு பொறுப்புப் படிவம் வாங்க வேண்டும். எண் எடுத்து, உட்கார்ந்து, எண் வந்ததும் எழுந்து போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "உறவு?" என்றாள். 'அக்கா' என்பதற்கு இவர்கள் மொழியில் தனிச் சொல் இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே சொல்தான். "என்னைவிட மூத்தவள், அம்மா மாதிரி" என்று விளக்கினேன். "அம்மாவா, சகோதரியா? ஒன்றைத்தான் டிக் செய்ய முடியும்" என்றாள். சகோதரியை டிக் செய்தேன்.

எல்லாத் தாள்களும் ஊருக்குப் போய், அக்கா கையெழுத்துப் போட்டு, விசா அலுவலகத்துக்குப் போனது. ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. 'கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதோடு பொருந்தவில்லை' என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். மாமா அதை எனக்கு நகல் எடுத்து அனுப்பினார். கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்துக்கு வெளியே, சரிந்து, கீழ் வரியின் மேலேறி, 'அஞ்ச' என்று ஓரிடத்திலும் 'லை' என்று இன்னோரிடத்திலும் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போன் போட்டுத் திட்டினேன்.

"ஏன்க்கா, இவ்ளோ பெரிய கட்டம் போட்டு வச்சிருக்கான். அதுக்குள்ள ஒரு கையெழுத்துப் போட முடியாதா? இன்னா அவசரம் உனக்கு?"

"பேனா சரியில்லடா."

"வேற பேனா இல்லியா வூட்ல?"

"கோவிச்சிக்காதடா. நான் வந்து இன்னா பண்ணப்போறேன் அங்க? குளிரு வேற. வுடு."

விட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்தை நான் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு சிவப்பு விளக்கையே கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள், அதன் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

4

அந்தக் கார்த்திகை மாதம் அலுவலகத்தில் குட்டு வெளிப்பட்டது.

எங்கள் சாஃப்ட்வேர் குளிர்பதனக் கிடங்குகளில் ஓடுவது. உள்ளே வெப்பம் ஏறினால் சைரன் ஒலித்து, பொறுப்பாளருக்குச் செய்தியும் அனுப்ப வேண்டும். ஒரு மீன் வியாபாரியின் கிடங்கில் இயந்திரம் நின்றுபோனது. சைரன் ஒலிக்கவில்லை. ஒரு வாரத்து மீனும் கெட்டுப்போனது. புரோகிராமில் யாரோ ஒரு வரியை மாற்றியபோது 'அதிகம்' என்ற குறி 'குறைவு' என்று திரும்பிவிட்டது. அந்தத் தப்பைப் பிடிப்பதற்காகத்தான் என் சோதனைகள் இருந்தன. அன்றைக்கும் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக வேறு பிரிவிலிருந்து மார்லீஸ் என்ற பெண்மணியை அனுப்பினார். ஐம்பது தாண்டியவள், கட்டைக் குரல், மத்தியானத்துக்கு அவித்த முட்டையும் ரொட்டியும். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்து, நான் எழுதிய நானூறு சொச்சம் சோதனைகளையும் என்னையே படிக்கவைத்தாள்.

"இந்தச் சோதனைக்குப் பெயர் என்ன?"

"டெஸ்ட் நூற்றுப் பதினேழு."

"நான் பெயரைக் கேட்டேன், எண்ணைக் கேட்கவில்லை. இது என்ன பார்க்கிறது?"

கொஞ்சம் படித்துப் பார்த்தால்தான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னும் நாற்பது கிடந்தன. ஒன்றை எழுதி, நகலெடுத்து, ஓர் எண்ணை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தேன். "நாளை ஒரு சின்ன மாற்றம் வந்தால் நாற்பது இடத்திலும் திருத்துவாயா?" என்றாள். அப்படி ஒரு மாற்றம் ஏற்கனவே வந்திருந்தது. வெப்ப அளவைத் தசமப் புள்ளி வைத்துத் தர ஆரம்பித்தபோது இருபது சோதனைகள் தோற்றன. நான் திருத்தவில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று குறிப்பு எழுதி அந்த இருபதையும் ஓடாதபடி அணைத்துவைத்திருந்தேன். அதை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். எப்போது எழுதியது என்று தேதியும் அதிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் அவள் ஒரு வேலை செய்தாள். அசல் புரோகிராமைத் திறந்து, சைரனை ஒலிக்கச் செய்யும் வரியை அப்படியே அழித்துவிட்டாள். "இப்போது ஓட்டு" என்றாள். ஓட்டினேன். நானூறும் ஓடி முடிந்தன. ஜன்னலோரம் பச்சை.

"இன்னொரு முறை ஓட்டு."

பச்சை.

சைரனே இல்லாத புரோகிராமுக்கு என் சோதனைகள் நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தன. ஏனென்றால் அவற்றில் பாதி, புரோகிராமைக் கூப்பிடும், ஆனால் விடையைப் பார்க்காது. கூப்பிட்ட குரலுக்குப் பதில் வந்தால் போதும், தேறிவிட்டது. மீதியில் பல, புரோகிராம் என்ன விடை தந்ததோ அதையே 'வர வேண்டிய விடை' என்று நான் எழுதிவைத்தவை. ஒருவன் சொன்னதை அவனிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"ஒரு சோதனை நல்லதா என்று பார்க்க நான் ஒரே கேள்விதான் கேட்பேன்" என்றாள் மார்லீஸ். "இது எப்போது தோற்கும்? அதைச் சொல்ல முடியாவிட்டால் தூக்கிப் போடு. நீ இதை எழுதியது தெரிந்துகொள்ளவா, பச்சையைப் பார்க்கவா?"

சிரிக்காமல்தான் கேட்டாள். எனக்குத்தான் காது சுட்டது. வீட்டுக்கு வந்து சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இனிமே திருத்தி இன்னா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று ஒரு பழமொழியையும் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பழமொழியை நான் இப்போது சொல்வதில்லை. காரணம் உங்களுக்கே தெரியவரும்.

5

மறுநாள் சைக்கிளில் போகும்போது குழாய் ஞாபகம் வந்தது.

உப்பு விளைய வேண்டுமென்றால் தண்ணீர் கெட்டியாக வேண்டும். அந்தக் கெட்டி இருபத்துநாலு டிகிரிக்கு ஏறினால்தான் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். டிகிரி பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் ஈயக்குண்டு, மேலே கோடுகள். தண்ணீர் கெட்டியாக ஆக அது மேலே எழும்பி மிதக்கும். பாத்தியில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது என்பதால், நீளமான டப்பாவில் மொண்டு அதற்குள் விட்டுத்தான் பார்ப்பார்கள்.

பிளஸ் டூ லீவில் நான் அக்காவுக்குச் சோறு கொண்டுபோனேன். மேஸ்திரி, "படிச்சவன்தான, டிகிரி பாரு" என்று குழாயைக் கையில் கொடுத்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. டப்பாவாவது ஒன்றாவது என்று பாத்தியிலேயே நேராக விட்டேன். குழாய் ஜம்மென்று உயர்ந்து நின்றது. "இருபத்தஞ்சு!" என்று கத்தினேன். மடையைத் திறந்துவிட்டார்கள். கெட்டியாகாத பச்சைத் தண்ணீர் போய்க் கடைசிப் பாத்தியில் பாதி விளைந்திருந்த உப்பையும் கரைத்துவிட்டது. மேஸ்திரி குதித்த குதியில் நான் வரப்பிலிருந்து விழுந்தேன்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "டேய், அது எங்கடா மிதந்துச்சி? தரையில குண்டி குத்தி நின்னுச்சி! தரையில நிக்க வச்சா எல்லாத் தண்ணியும் இருபத்தஞ்சுதான்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சு. யாராவது பூசி மெழுகிப் பேசினால், "ஏய், குழாய் மிதக்குதா, நிக்குதா?" என்று கேட்போம். மாமா சாராயம் குடித்துவிட்டு இல்லை என்றால் அக்கா அப்படித்தான் கேட்பாள். அவரும், "நிக்குது தாயே" என்று ஒப்புக்கொள்வார்.

என் நானூறு சோதனைகளும் தரையில் நின்ற குழாய்கள். அந்த நினைப்போடு கொஞ்ச தூரம் மிதித்தேன். கால்வாய்ப் பாலத்தின் மேல் ஏறும்போதுதான் இன்னொன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. 'நல்லா இருக்கியாக்கா?' இது எப்போது தோற்கும்?

சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். அந்தக் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதும் உடனே போன் செய்யவில்லை. பயம்.

6

ஒவ்வொரு தை மாதமும் எனக்கு ஊரிலிருந்து ஒரு தினசரிக் காலண்டர் வரும். மரக்காணம் மளிகைக்கடையில் வருடா வருடம் கொடுப்பார்கள். அக்கா இரண்டு கேட்டு வாங்கி, ஒன்றைத் தன் வீட்டில் மாட்டி, இன்னொன்றை இங்கே வேலை செய்கிற கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புவாள். "ரெண்டு வூட்லயும் ஒரே தேதியா கிழிக்கணும்டா" என்பாள். 2006 காலண்டரும் வந்து எங்கள் சமையலறையில் தொங்கியது.

அந்தத் தாளின் அடியில் ராசிபலன் இருக்கும். ஒரு ராசிக்கு ஒரே ஒரு சொல். எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்து.

ஒரு ஞாயிறு, வழக்கமான பேச்சு முடிந்ததும், தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, இன்னிக்கி ஷீட்டு கிழிச்சிட்டியா?"

"காலையிலியே கிழிச்சிட்டேனே."

"என் ராசிக்கு இன்னா போட்டிருக்குது? படியேன்."

தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "உனக்கு... லாபம்னு போட்டிருக்குதுடா" என்றாள், சந்தோஷமாக.

என் முன்னால் இருந்த தாளில் 'கவலை' என்று இருந்தது.

"உன் ராசிக்கு?"

"எனக்கும் நல்லாதான் போட்டிருக்குது. நன்மை."

'பயம்' என்று இருந்தது.

நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து எழுதியதில் உருப்படியான சோதனை அது ஒன்றுதான். வர வேண்டிய விடை என் கையில் இருந்தது. தோற்பதற்கு அதில் வழி இருந்தது. தோற்றது. பெற்ற தாய்க்குச் சமமானவளைப் பொய் சொல்லவைத்துப் பிடித்தேன் என்று நினைக்கும்போது இப்போதும் கூசுகிறது.

"அக்கா."

"இன்னாடா?"

"குழாய் மிதக்குதா, நிக்குதா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நிக்குதுடா" என்றாள். "ரொம்ப நாளா நிக்குது."

7

மாசி மாதம் இரண்டு வார லீவில் ஓடினேன். கேட்டில் நின்றிருந்த அக்கா, நான் ஆட்டோவிலிருந்து இறங்கி "அக்கா" என்று கூப்பிடும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "இளைச்சிட்டடா" என்றாள். நான் எட்டு கிலோ ஏறியிருந்தேன்.

மாமாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஏன் மாமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா. வெளிநாட்டுல இருக்கற புள்ளைக்கு இன்னாத்துக்கு கவலைன்னா." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீயும் கேக்கல மச்சான். நல்லா இருக்காளான்னு கேட்ட. நல்லாதான இருந்தா, சமைச்சா, வேலைக்குப் போனா. கண்ணு தெரியுதான்னு நீ கேக்கலியே?"

புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடந்தது. வலது கண்ணைப் பிழைக்கவைத்துவிடலாம் என்றார் டாக்டர். இடது கண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கண்ணுக்குள்ள பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்குது. முதல்ல சொட்டு மருந்து போட்டுக் குறைக்கணும், அப்புறம்தான் ஆபரேஷன். நரம்பு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு அதுக்கப்புறம்தான் தெரியும். ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?"

அக்கா சிரித்துக்கொண்டே, "வேலை இருந்துச்சிங்க" என்றாள். அந்த ஒரு வருடத்தில் நான் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன் என்று டாக்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து ஊருக்குத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்களின் போர்டையெல்லாம் சத்தம் போட்டுப் படித்தாள். "திண்டிவனம்! மரக்காணம்! டேய், மரக்காணம் பஸ்ஸு நீல கலரா? எப்படா மாத்துனான்?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். "சினிமாக்காரி மாதிரி இருக்குதுடா" என்று போட்டுக்கொண்டாள். வெயிலில் உப்பு வாரப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாமா அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

இடது கண்ணுக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். எனக்கு லீவு முடிந்தது. பறந்து வந்துவிட்டேன்.

பங்குனிக் கடைசியில் போன் செய்து, "ஆபரேஷன் ஆச்சாக்கா?" என்று கேட்டேன். "ஆச்சிடா" என்றாள். "அப்பாடா" என்றேன். ஆச்சா என்றுதான் கேட்டேன். தெரியுதா என்று கேட்கவில்லை.

8

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா காலண்டர் படிப்பாள். பொடி எழுத்தைப் படபடவென்று படித்துத் தள்ளுவாள். "எனக்கு ஜெயம், உனக்கு செலவு, பாப்பாவுக்கு சுகம்!" நான் இங்கே தாளில் சரிபார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். எனக்கு மனசு நிறைந்துபோகும். அலுவலகத்திலும் என் சோதனைகளைத் திருத்தி எழுதி முடித்திருந்தேன். எண்ணெல்லாம் போய்ப் பெயர் வந்துவிட்டது. 'வெப்பம் எல்லையைத் தாண்டினால் சைரன் ஒலிக்க வேண்டும்.' யார் படித்தாலும் புரியும். நகலெடுத்து ஒட்டிய நாற்பதை ஒன்றாகச் சுருக்கிவிட்டேன், இனி மாற்றம் வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். விளக்கு வாரத்துக்கு இரண்டு தடவையாவது சிவப்பாகிறது. "இப்போதுதான் இது விளக்கு" என்றாள் மார்லீஸ். நான் திருந்திவிட்டேன் என்றே நினைத்தேன்.

போன ஞாயிறு அக்கா வழக்கம்போலப் படித்து முடித்தாள். நான் "சூப்பர்க்கா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"டேய், வாரா வாரம் என்னைப் படிக்க வைக்கறியே. வலது கண்ணை மூடிக்கினு படின்னு ஒரு நாளாச்சும் கேட்டியாடா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். "கார்டு முடியப்போவுதுக்கா, அடுத்த வாரம் பேசறேன்" என்றேன். கார்டில் நாற்பது நிமிடம் இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்தவன் நான். தேறும் என்று தெரிந்த கண்ணை மட்டும் வாரா வாரம் சோதித்துப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்கிற சோதனையை, பழைய வழக்கப்படி, 'பிறகு பார்க்கலாம்' என்று அணைத்துவைத்திருந்தேன். நானூறு சோதனைகளைத் திருத்தத் தெரிந்தவனுக்கு இந்த ஒன்றைத் திருத்தத் தெரியவில்லை. அவள் கண்ணுக்காகப் பயந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அவள் சொல்லப்போகும் பதிலை வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன் என்றுதான் பயந்தேன்.

9

மேலே உள்ளதை நேற்று எழுதி நிறுத்தியிருந்தேன். இன்று சனிக்கிழமை. ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் போன் செய்தேன். ஊரில் பத்தரை மணி இருக்கும்.

"இன்னாடா, இன்னிக்கி சனிக்கெழமதான?" என்றாள் அக்கா. குரலில் பதற்றம். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"பாப்பா நல்லா இருக்குது. அக்கா, போன வாரம் கார்டு முடியல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்டா. அந்த பொம்பள நடுவுல வந்து 'இன்னும் ஒரு நிமிஷம்'னு சொல்லுமே, அது வரவே இல்லியே."

மலர் மேசையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காலண்டர் கிட்ட போ."

செருப்புச் சத்தம் கேட்டது. "ம், நிக்கறேன்."

"வலது கண்ணை மூடிக்கோ."

"கையால மூடிக்கினேன்."

"இடது கண்ணுல இன்னாக்கா தெரியுது?"

அவள் அவசரப்படவில்லை. நிஜமாகவே பார்க்கிறாள் என்று தெரிந்தது. மாமாவின் லாரி ஹார்ன் எங்கோ கேட்டது. நானும் அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணுமில்லடா" என்றாள்.

இத்தனை வருடமாக அவள் எனக்குச் சொல்லிவந்த அதே சொல். இன்றைக்குத்தான் அது உண்மை.